தட்டின் மேல் வைத்த கை

உட்காருங்கள். அதில் வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. போன மாதம் ஒரு பெரியவர் சாய்ந்தே போனார். இதில் உட்காருங்கள். பையை என் பக்கம் வையுங்கள், பரவாயில்லை.

உங்கள் வீட்டுக்காரரும் உள்ளேதானா? வெறும் வயிற்று ரத்தமா? சரிதான். எடுத்துவிட்டு வெளியே அனுப்புவார்கள், சாப்பிடச் சொல்வார்கள், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ஊசி. அதுவரைக்கும் இந்த மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மணி எட்டரை ஆனால் பாருங்கள், ஹால் முழுக்க டப்பா திறக்கிற சத்தம். கல்யாணப் பந்தி தோற்றுப் போகும். பாயசம் ஒன்றுதான் குறை.

நீங்கள் என்ன கொண்டுவந்தீர்கள்? அடையா? மூடியைத் திறக்காமலே எண்ணெய் வாசனை வருகிறது. தப்பாக நினைக்காதீர்கள், எனக்கு மனதில் பட்டதை வாய் சொல்லிவிடும். சின்ன வயதிலிருந்து அப்படி. கோவில்பட்டியா உங்களுக்கு? அதுதான்.

என் வீட்டுக்காரர் அதோ, எடை பார்க்கிற மெஷின் பக்கத்தில் வரிசையில். நீலச் சட்டை. சட்டைக்குள் ஆளைத் தேடுகிறீர்கள், தெரிகிறது. இருக்கிறார், நன்றாகப் பாருங்கள். உலகநாதன் என்று பெயர். இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பார்த்திருந்தால் பெயருக்கேற்ற உருவம் என்பீர்கள். இப்போது தையல்காரரே கும்பிடு போட்டுவிட்டார். பேண்டை மூன்றாவது தடவை பிடிக்கக் கொண்டு போனேன். "இதுக்கு மேல பிடிச்சா பின்பாக்கெட் ரெண்டும் ஒண்ணாயிரும்மா, புதுசா எடுத்துருங்க" என்கிறார். கல்யாண மோதிரத்துக்கு அடியில் நூல் சுற்றித்தான் போட்டிருக்கிறார். அப்படியும் போன வாரம் கை கழுவும்போது கழன்று, வாஷ்பேசின் துளைக்குள் போகாமல் நான்தான் பிடித்தேன்.

முதலில் இளைத்தது சுகரால். அது எல்லாருக்கும் நடக்கிறதுதானே. தாகம், ராத்திரியில் பத்துத் தடவை எழுந்திருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆள் உருகுகிறது. இங்கே கூட்டிவந்தோம், மாத்திரை எழுதினார்கள், மூன்று மாதச் சராசரி பதினொன்று இருந்தது ஆறரைக்கு வந்துவிட்டது. யாரால் வந்தது என்று நினைக்கிறீர்கள்? மாத்திரை பாதி, நான் பாதி. எனக்கு ஒரு வேலையைக் கொடுத்தால் அதை அரைகுறையாகச் செய்யத் தெரியாது. தராசு வாங்கினேன். அரிசியை அளந்தேன். சீனி டப்பாவை வீட்டைவிட்டே அனுப்பினேன். இந்த டயட்டீஷியன் பெண் என்னை மற்ற பெண்களுக்குக் காட்டி, "பிரபா மேடத்தைப் பாருங்க" என்று கிளாசே எடுத்தது.

அந்தக் கிளாசுக்கு நீங்கள் போனீர்களா? முதல் தடவை வருகிற மனைவிமார் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுவாளே. எனக்கு அவள் பேசியதில் ஒன்றுதான் நெஞ்சில் ஒட்டியது. "அவங்க போதும்னு சொன்னா விட்டுருங்க. அன்புன்னு சொல்லிக் கரண்டியத் தூக்காதீங்க. நம்ம ஊர்ல பாதி சுகர் அன்பாலதான் வந்தது" என்றாள். எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. இருபத்தாறு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருப்பதை ஒரு சின்னப் பெண் மைக் வைத்துச் சொல்கிறாள்!

ஏன் என்றால், நான் வாழ்க்கைப்பட்ட வீடு அப்படி. நான் மலைமேல் கான்வென்ட் விடுதியில் வளர்ந்தவள். அங்கே சிஸ்டர் பெர்னதெத் பாத்திரத்தோடு வருவார். வேண்டும் என்றால் தட்டை நீட்ட வேண்டும், வேண்டாம் என்றால் தட்டை இழுத்துக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு பார்த்துக்கொண்டிருந்தால், நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வாய்க்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அங்கிருந்து நேரே டவுனில் இவர்கள் வீட்டுக்கு வந்தேன். மறுவீடு போன இடத்தில் இவருடைய பெரியம்மை, "காப்பி சாப்பிடுதியாம்மா?" என்று கேட்டாள். எனக்குத் தலைவலி. "சரி, குடுங்க" என்றேன். அவ்வளவுதான், கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. "கேட்ட உடனே சரின்னுட்டாளே!" என்று வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார்கள். அடுத்த வீட்டில் உஷாராக, வயிறும் நிறைந்திருந்ததால், வேண்டாம் என்றேன். மூன்று தோசையை வைத்துவிட்டார்கள்! அந்த வீட்டுக்காரர்களுக்கு முதல் வேண்டாம் என்பது வணக்கம் மாதிரி. இரண்டாவது வேண்டாம் சும்மா. மூன்றாவது வேண்டாமுக்குத்தான் காது கொடுப்பார்கள். சாப்பிடுகிறவர் தட்டின் மேல் கையை விரித்து மறைப்பார், போடுகிறவள் விரல் இடுக்கில் ஊற்றுவாள். அதுதான் மரியாதையாம். நாகரிகமா இது, சொல்லுங்கள்.

இவர் அந்த ரகம் இல்லை. படித்தவர், குரல் உயர்த்தாதவர், ஒன்றைக் கேட்டால் ஒன்றைச் சொல்வார். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப் போனது.

சொல்லப்போனால் அந்த நாளில் நான்தான் இவரை மதிக்காமல் இருந்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. இவர் போதும் போதும் என்பார், நான் குழம்புச் சட்டி அடுப்பில் கிடக்கிற அவசரத்தில் அவர் பேச்சைக் காதிலேயே வாங்காமல் சோற்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன். கையை வைத்தால் கை மேலேயே விழும். அவரும் அதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பார். பாவம். அத்தனை வருஷமும் அப்படித்தான் ஓடியது. டயட்டீஷியன் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அன்றிலிருந்து மாறிவிட்டேன். அவர் போதும் என்றால் அந்தக் கணமே கரண்டி கீழே. ஒரு பருக்கை அதிகம் விழாது.

சுகர் இறங்கியது. எடையும் இறங்கியது. சுகர் ஓர் இடத்தில் வந்து நின்றது. எடை நிற்கவில்லை. அதுதான் இப்போது கதை.

தெருவில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? எதிர்வீட்டம்மாள் கேட்டைத் திறக்கிற சாக்கில் நின்று, "சாருக்கு வேற எதுவும் இல்லையே?" என்று குரலைத் தணித்துக் கேட்கிறாள். வேறு எது? சொல்லித் தொலை என்று வாய் வரைக்கும் வந்தது. இவருடைய தங்கை பிரமு, பிரமநாயகி, அவளுக்குத் தணிவான குரலே கிடையாது. கோவில் வாசலில் வைத்து, நாலு பேர் நடுவில், "என்ன மதினி, எங்க அண்ணனைக் காயப் போட்டுட்டியளா?" என்கிறாள். நான் காயப் போடுகிறேனாம். நான்!

டாக்டர் மெர்லினிடம் வந்து அழாத குறையாகக் கேட்டேன். தைராய்டு பார்த்தார்கள், ஈரல் பார்த்தார்கள், எக்ஸ்ரே, பரிசோதனையில் ஒன்று பாக்கி இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. பிறகு டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் திருப்பி, "முதல்ல குறைஞ்சது சுகரால. சாப்பிட்டதெல்லாம் உடம்புல ஒட்டாம மூத்திரத்துல போயிட்டிருந்துச்சு. இப்ப அது நின்னாச்சு. இப்ப குறையறது உள்ள போறது பத்தாததால. இனி இளைக்க வைக்கிற சாப்பாடு வேண்டாம், எடையை நிறுத்தி வைக்கிற சாப்பாடு வேணும். கலோரி கூட்டுங்க" என்றார். எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "பிரபா நல்லாத்தான் டாக்டர் பாத்துக்கிடுதா" என்கிறார். அதற்கு டாக்டரம்மா சிரிக்கிறார். சிரிக்க என்ன இருக்கிறது?

சரி, கூட்டு என்றால் கூட்டுகிறேன். எனக்கென்ன, பதினொன்றை ஆறரையாக்கியவள், இது முடியாதா? வேர்க்கடலை அவித்தேன். முட்டை இரண்டாக்கினேன். சீனி ஏறாமல் சத்து ஏறுவதற்கு நல்லெண்ணெய், எள்ளு, பன்னீர், பயறு, மத்தியான மீன் என்று அந்தப் பெண் சொன்ன எல்லாம் எங்கள் மேஜையில் இருக்கிறது. ஒரு ஆளுக்கு இத்தனை கிண்ணமா என்று வேலைக்கு வருகிற மாரியம்மாளே வாய் விட்டுக் கேட்டாள். மேஜை நிறைய இருக்கிறது. இவர் வந்து உட்காருவார். வைத்ததைச் சாப்பிடுவார். "இன்னும் வேணுமா?" என்பேன். "போதும்." எடுத்துவிடுவேன். "கடலை?" "வேண்டாம்." எடுத்துவிடுவேன். "பசிக்குதா உங்களுக்கு? ஆமா, இல்ல, ஒரு வார்த்தை சொல்லுங்க." "அதெல்லாம் ஒண்ணுமில்ல பிரபா. நீ சாப்பிட்டியா?"

நான் சாப்பிட்டேனா! நான் சாப்பிட்டதால்தான் என் புடவைக் கொசுவம் குறைந்துகொண்டே வருகிறது. மீந்த பன்னீர், மீந்த சுண்டல், மீந்த முட்டை எல்லாம் யார் வயிற்றில் போகிறது? அவருக்குக் கூட்டிய கலோரி அத்தனையும் என் இடுப்பில் இருக்கிறது. சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

வெளியே எங்காவது தின்றுவிட்டு வருகிறாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். ஆபீசுக்குப் போன் போட்டு அங்கே இருக்கிற கிளார்க் பெண்ணிடம் விசாரித்தேன். "சாரா? டீ வேணுமான்னு கேட்டாக்கூட வேண்டாம்னுருவாங்க மேடம், நாங்க இப்பல்லாம் கேக்கறதே இல்ல" என்றாள். அவ்வளவு கட்டுப்பாடு. நான் என்ன செய்ய?

பிறகுதான் அந்த மறுவீட்டுச் சாப்பாடு. பிரமுவின் மகளுக்குப் போன தை மாதம் கல்யாணம். உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். சுகர்காரருக்கு எதெல்லாம் ஆகாதோ அதெல்லாம் ஓர் இலையில். நான் எதிர்ப் பந்தியில் இருந்து பார்க்கிறேன். பிரமு வாளியோடு வந்து நிற்கிறாள்.

"வைக்கட்டாண்ணே?"

"போதும்."

"என்னத்தப் போதும்? கைய எடுங்க."

"போதும்ங்கேன்லா பிரமு."

"இந்தா, இது எனக்காக. மருமகன் பாக்காரு, சாப்பிடுங்க."

விழுந்தது. சாப்பிட்டார். மறுபடி வந்தாள். மறுபடி கை, மறுபடி போதும், மறுபடி ஒரு கரண்டி. மூன்று தடவை! என் வீட்டில் மூன்றாவது இட்லிக்குக் கும்பிடு போடுகிற மனிதர், இஞ்சித் துவையலை விரலால் வழித்துச் சாப்பிடுகிறார். முகத்தைப் பார்க்க வேண்டுமே. பள்ளிக்கூடம் லீவு விட்ட பையன் மாதிரி.

எனக்கு வந்தது பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "உங்க தங்கச்சி கைன்னா மட்டும் உள்ள இறங்குதோ? என் கையில என்ன, வேப்பெண்ணெயா தடவியிருக்கு? அவகிட்ட வாயத் திறந்து கேட்டு வாங்கித் திங்கிறீங்க!"

"நான் எங்க கேட்டேன்?" என்றார். "நான் போதும்னுதானே சொன்னேன். அவ வச்சிட்டா."

"அப்ப நான் வைக்கலையா? நானும்தான் வேணுமா வேணுமான்னு தொண்டத்தண்ணி வத்தக் கேக்குறேன்."

"கேக்குற," என்றார். அப்புறம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கேக்கத்தான் செய்யுற பிரபா" என்று இன்னொரு தடவை சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று நானும் இன்றுவரை யோசிக்கிறேன். ஒன்றும் இல்லை, குற்றத்தை ஒத்துக்கொள்ள முடியாத ஆண்பிள்ளை பேச்சு. தங்கையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அவளுக்கும் என்னை ஊர் முன்னால் மட்டம் தட்ட வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்று சுகர் பார்த்தேன், பயந்த அளவுக்கு ஏறவில்லை. ஆளும் அன்றைக்குக் குறட்டை விட்டுத் தூங்கினார். குறட்டைச் சத்தம் கேட்டு வெகு நாளாகிவிட்டது. நான் விழித்துக்கொண்டு கேட்டேன்.

என் தன்மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு மறுநாள் பிரமுவுக்குப் போன் போட்டேன். சொதி எப்படி வைக்க வேண்டும் என்று கேட்டேன். இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் நான் கேட்ட ஒரே பக்குவம். முதல் பால், இரண்டாம் பால், எப்போது இஞ்சிச்சாறு விட வேண்டும் என்று விலாவாரியாகச் சொன்னாள். கடைசியில், "எல்லாஞ் சரி மதினி, நின்னு பரிமாறுங்க" என்றாள். நான் என்ன, படுத்துக்கொண்டா பரிமாறுகிறேன்?

வைத்தேன். உருளைக்கிழங்கைக் குறைத்துப் பீன்சைக் கூட்டி, சோற்றை அளந்து, அவர் சட்டியைப் பார்க்கிற இடத்தில் வைத்தேன். மூக்கை உறிஞ்சினார். ஒரு கரண்டி சாப்பிட்டார். "நல்லாருக்கு" என்றார். இவர் வாயிலிருந்து அது வருவதே அபூர்வம். எனக்கு உள்ளே எதுவோ குதித்தது. "இன்னும் வைக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் தட்டைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தட்டின் மேல் கையை வைத்தார். "போதும்" என்றார்.

எடுத்துவிட்டேன். அவர் வார்த்தையை மதித்து எடுத்துவிட்டேன். சொதியை மாரியம்மாளுக்கு ஒரு தூக்கு நிறையக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றும்போது, தேங்காய்ப்பால் போகிறதே என்று எனக்கு... இருக்கட்டும். கண்ணில் இஞ்சி பட்டிருக்கும்.

வேறு என்ன செய்ய வேண்டும் நான்? சொல்லுங்கள். வற்புறுத்தக் கூடாது என்றார்கள், வற்புறுத்தவில்லை. குறை என்றார்கள், குறைத்தேன். கூட்டு என்றார்கள், மேஜை கொள்ளாமல் கூட்டினேன். வாயைத் திறந்து நான் ஊட்டிவிடவா முடியும்? டாக்டரம்மா போன தடவை சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் குறைந்திருந்தால் மதுரைக்கு அனுப்புவார்களாம். பெரிய ஸ்கேனாம். "பயப்படாதீங்க, எதுவும் விட்டுப் போகக்கூடாதுன்னுதான்" என்கிறார். என் அப்பாவும் இப்படித்தான் இளைத்தார். வாட்ச் முழங்கை வரைக்கும் ஏறும். அது வேறு, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இவருக்குத்தான் எல்லாப் பரிசோதனையும் சரியாக இருக்கிறதே.

வருகிறார். நடையைப் பாருங்கள், எடை கூடியவர் நடையா அது.

என்னங்க, எவ்வளவு? கூடவா? இல்லையா... அரைக் கிலோவா. சரி. மெஷின் தப்பு என்று சொல்லாதீர்கள், மெஷினுக்கு உங்கள் மேல் என்ன கோபம். சாப்பிட்டுவிட்டு டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டுமா? சரி. உட்காருங்கள். இவர்கள் கோவில்பட்டி. ஆமாம், பேசிக்கொண்டிருந்தோம்.

இட்லி ஐந்து இருக்கிறது, முட்டை இருக்கிறது, கடலைச் சட்னி. டப்பா மூடியில் சாப்பிட எனக்குப் பிடிக்காது, அதனால் தட்டையே கொண்டுவந்துவிடுவேன். இந்தாருங்கள், இரண்டு.

இன்னும் வைக்கட்டுமா?

பார்த்தீர்களா? நீங்களே சாட்சி. உங்கள் கண் முன்னால் கேட்டேன். போதுமாம். அரைக் கிலோ குறைந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார், போதுமாம். நீ சாப்பிடு என்கிறார். மூடிவிட்டேன். வேறு என்ன செய்ய.

என்ன, உங்கள் அடையா? இவருக்கா? கேட்டுப் பாருங்கள், நான் குறுக்கே வரவில்லை. வேண்டாம் என்பார், பாருங்கள்.

சொன்னேன் இல்லையா. வேண்டாம் என்றுவிட்டார், கையை வேறு தட்டின் மேல் வைத்துவிட்டார். விடுங்கள்.

ஏன் மறுபடி கேட்கிறீர்கள்? அவர்தான் சொல்லிவிட்டாரே. "சும்மா சாப்பிடுங்கண்ணாச்சி" என்றால் சாப்பிட்டுவிடுவாரா? இருபத்தாறு வருஷம் கூட இருக்கிறவள் நான் சொல்கிறேன்...

கைக்கு அந்தப் பக்கம் ஓரமாக வைத்துவிட்டீர்களே.

கையை எடுத்துவிட்டார்.

பிய்க்கிறார்.

நான் ஒன்றும் பேசவில்லை. பேசினால் நிறுத்திவிடுவாரோ என்று இருக்கிறது. இந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.

எண்ணெய் வாசனை என்று சொன்னேனே, அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். டப்பாவில் இன்னொன்று இருக்கிறதா? உங்கள் வீட்டுக்காரருக்குப் போக மிச்சம் இருக்கிறதா? என் இட்லியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு அடை வையுங்கள் அவருக்கு.

நான் வைத்தால் போதும் என்பார். நீங்களே வையுங்கள்.